மேற்கு மூலை வீட்டுச் சுவர்

சுள்ளி என்றொரு முள்ளெலி. பாலைவனத்து மண்கோட்டை ஒன்றில் மேற்கு மூலை வீடு அவளுடையது. வீட்டில் நான்கு சின்னக் குட்டிகள். சுள்ளி கோபக்காரி. அவள் முள் சிலிர்த்தால் சந்தில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். ஆனால் காரணமில்லாமல் ஒருநாளும் அவள் கோபப்பட்டதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை மணல். நடுவில் ஒரு சுனை, சுனையைச் சுற்றிப் பேரீச்சந்தோப்பு. தோப்பை ஒட்டி நாற்பது வீடுகள். தள்ளித்தள்ளி நிற்கிற நாற்பது இல்லை, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய நாற்பது! இந்த வீட்டின் பின்சுவர்தான் அந்த வீட்டுக்கும் பின்சுவர். ஒரு கூரைமேல் ஏறினால் ஊர் முழுவதையும் கூரைவழியாகவே சுற்றி வந்துவிடலாம். வீடுகளுக்கு நடுவே ஓடிய சந்துகளையும் மரக்கட்டை போட்டு மண்ணால் மூடியிருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். சந்துக்குள் தண்ணீர்ப்பானை வைத்த மூலைபோலக் குளுகுளுவென்று இருக்கும். எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே தானியக் குதிர், கூடிப் பேச ஒரே முற்றம். ஓரத்து வீடுகளின் வெளிச்சுவர்களே ஒன்றாகச் சேர்ந்து வீடுகளைச் சுற்றி ஒரு கனத்த மண்சுவராக நின்றன. வெளியே திரியும் கழுதைப்புலிகள் அந்தச் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டுத் திரும்பிப் போகும்.

மண்சுவர் சும்மா நிற்குமா? வருஷா வருஷம் மேல்காற்று மணலை வாரியடித்துச் சுவரைச் சுரண்டித் தின்றுவிடும். அதனால் காற்றுக் காலம் தொடங்கும் முன்பே ஊரே சேர்ந்து சுவருக்கு மண் பூசும்.

அந்தப் பூச்சுக்கு ஒரு முறை இருந்தது. யாரும் தன் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது. ஓரத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வலப்பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பூச வேண்டும். உள்வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மறைத்து நிற்கிற வெளிச்சுவருக்குப் போக வேண்டும். பொதியன் என்ற கழுதை சுனையோரத்துக் குழியில் மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்துக் கொடுப்பான். மற்றவர்கள் அள்ளி அப்புவார்கள். முயல் பூசியதைக் கீரி குறை சொல்லும். கீரி பூசியதை ஆமை குறை சொல்லும். சண்டையும் சிரிப்புமாக இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும்.

சுள்ளியின் வீடு மூலையில் இருந்ததால் அதற்கு இரண்டு வெளிச்சுவர்கள். மேல்காற்று வந்து முதலில் மோதுவதே அவள் வீட்டில்தான். வடக்குச் சுவருக்குப் பூசுவது பக்கத்து வீட்டு ஆமை, நிதானம் மாமா. மேற்குச் சுவருக்குப் பூச வேண்டியது அவள் வீட்டுக்கு முதுகு ஒட்டிய உள்வீட்டுக்காரன். நெட்டைக்காதன் என்ற பாலைநரி!

நெட்டைக்காதனுக்குச் சேற்றில் கை வைப்பதென்றாலே பிடிக்காது. அந்த வருஷம் பூச்சுக்கு நாள் குறிக்க ஊர் கூடியதுமே அவன் முற்றத்தின் நடுவில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான்.

"பெரியோர்களே! நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஒரு அநியாயம் நடக்குது. நம்ம வீட்டை நாமே பாத்துக்க வக்கில்லாதவங்களா நாம? அடுத்தவன் வந்து ஏனோதானோன்னு பூசிட்டுப் போறான். நாமே பூசினா எவ்வளவு அழகாப் பூசுவோம்! இனிமே அவங்கவங்க சுவருக்கு அவங்கவங்களே பொறுப்பு! இதுதான் தன்மானம்!"

தன்மானம் என்றதும் எல்லோருக்கும் மார்பு நிமிர்ந்துவிட்டது. "அதானே! அதானே!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

சுள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்துடா நெட்டைக்காதா! உன் வீட்டுக்கு வெளிச்சுவர் எங்கே இருக்கு? சொல்லு!"

நரி வேறு பக்கம் திரும்பிக் காதைச் சொறிந்தான்.

"இல்லைதானே? நாலு பக்கமும் நாங்கதானே உன்னை மறைச்சுக்கிட்டு நிக்கிறோம்! உனக்குப் பூசறதுக்குச் சுவரே கிடையாது. அப்புறம் உன் பொறுப்புதான் என்ன? காலை நீட்டித் தூங்குறதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நரி மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி வருத்தப்படுகிறவன்போலப் பேசினான்.

"பாருங்க, எது சொன்னாலும் இந்த அக்காவுக்குக் கோபம்தான் வருது. மூலை வீட்டுல யார் இவங்களைக் குடியிருக்கச் சொன்னது? ரெண்டு சுவர் வெச்சிருக்கறது இவங்க. உழைக்கறது மட்டும் ஊரா? சோம்பேறிகளுக்கு எத்தனை நாள்தான் நாம சேறு சுமக்கறது?"

"யாருடா சோம்பேறி?" சுள்ளியின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன. "போன வருஷம் வயித்துல நாலைச் சுமந்துகிட்டு நான் வெள்ளச்சி வீட்டுச் சுவருக்குப் பூசலையா? வெள்ளச்சி, நீயே சொல்லு!"

வெள்ளச்சி என்ற முயல் அவளுக்கு வலப்பக்கத்து வீட்டுக்காரி, வடக்கு வரிசை. அவளுக்கும் அந்த வருஷம் சேறு சுமக்க மனமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"பூசினீங்க அக்கா... இல்லேன்னு சொல்லலை. ஆனா சுவர்ல அங்கங்கே முள் கீறின தடம் இருந்துச்சு."

கேட்டீர்களா இதை! பாதி ராத்திரி தூங்காமல் குட்டிகளைச் சுமந்தவள், காலையில் எழுந்து இவள் சுவருக்கு மண் அப்பினாள். அதில் தடம் பார்த்துக் குறை சொல்கிறாள்!

ஊர்த்தலைவர் தாடியப்பர் என்ற வெள்ளாட்டுக்கிடா. பெரிய தாடி, பெரிய கொம்பு. முதுகெலும்பு மட்டும்தான் இல்லை. "எல்லாரும் என்ன சொல்றீங்களோ அதுதான் என் முடிவு. நரியார் சொல்றது சரின்னு நினைக்கிறவங்க வாலைத் தூக்குங்க!" என்றார்.

கிழக்கு வரிசை வாலைத் தூக்கியது. அங்கே காற்றே வராது. உள்வீடுகள் எல்லாம் வாலைத் தூக்கின. அவற்றுக்கு வெளிச்சுவரே கிடையாது. மேற்கு வரிசையில் இருந்த ஏழு வீடுகள் மட்டும் வாலைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தன. ஏழுபேர் உட்கார்ந்தால் என்ன, எழுந்தால் என்ன? தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் சுள்ளி சுனையோரம் போனாள். கழுதை பொதியன் நிழலில் படுத்து வைக்கோல் மென்றுகொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் சேறு மிதிச்சுத் தாயேன்."

"என் வீடு கிழக்குப் பக்கம் அக்கா. அங்கே பூச்சே தேவையில்லைன்னு விட்டுட்டேன். அப்புறம் நான் எதுக்குச் சேத்துல இறங்கணும்?"

"எனக்காக இறங்கேன்! என் காலைப் பாரு, உன் குளம்புல பாதிகூட இல்லையே!"

"அவங்கவங்க சுவர் அவங்கவங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரே நாளில் அந்த வாக்கியம் ஊர் முழுவதற்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. நல்லதைச் சொல்லிக்கொடுக்க நாலு வருஷம் ஆகும். இந்த மாதிரி வார்த்தை மட்டும் நாலே நாழிகையில் ஒட்டிக்கொள்கிறது.

சுள்ளி தன் சின்னக் காலால் தானே மிதித்தாள். ஒரு கைமண் குழைவதற்குள் மூச்சு வாங்கியது. அதைச் சுமந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்துவிட்டது. பின்னால் வந்த நிதானம் மாமாவின் கதி இன்னும் மோசம். அவர் முதுகில் வைத்துக் கொண்டுவந்த சேறு வழியிலேயே ஓடாகக் காய்ந்து, அவர் ஓட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டுபேரும் அவரவர் சுவரில் எட்டிய உயரம் வரைதான் பூசினார்கள். அதற்குமேல் சுடாத பச்சைச் செங்கல்தான் தெரிந்தது.

அப்போதுதான் தலைக்குமேல் தொப்தொப்பென்று ஏதோ சத்தம். சுள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

நெட்டைக்காதன் தன் கூரையின்மேல் ஒரு மாடி கட்டிக்கொண்டிருந்தான்! இரண்டு கீரிகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து வேலைக்கு வைத்திருந்தான். ஊர்க் குழியில் அவை குழைத்த மண் கூடை கூடையாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"என்னடா இது?" என்று கத்தினாள் சுள்ளி.

"காத்து வாங்கறதுக்கு ஒரு மாடி அக்கா! என் வீட்டுல நான் என்ன கட்டினா என்ன?"

"அந்த மாடிக்குப் போற மண்ணுல என் ரெண்டு சுவரையும் ரெண்டு தடவை பூசலாமேடா பாவி!"

"உங்க கோபத்தைக் குறைங்க அக்கா. உடம்புக்கு ஆகாது" என்றான் நரி.

ஊர்க்காரர்கள் வந்து அந்த மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். "அடேயப்பா! உழைச்சா முன்னுக்கு வரலாம்னு இதைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்" என்று தாடியப்பர் எல்லோரிடமும் சொன்னார்.

மேல்காற்று வந்தது. முதல் நாள் சுவரில் மண் உதிர்ந்தது. இரண்டாம் நாள் செங்கல் தேய்ந்தது. மூன்றாம் நாள் பட்டப்பகலில் மேற்குச் சுவர் மேலிருந்து கீழே வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு மணல் வந்தது, பிறகு ஒரு மூக்கு வந்தது.

கழுதைப்புலியின் மூக்கு! உஸ்உஸ்ஸென்று மோப்பம் பிடித்தது.

குட்டிகள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கீச்சிட்டன. சுள்ளி யோசிக்கவே இல்லை. உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு அந்த வெடிப்புக்குள் போய் அடைத்துக்கொண்டாள். கழுதைப்புலி முட்டியது. முட்கள் மூக்கில் இறங்கின. ஊளையிட்டுக்கொண்டு பின்வாங்கியது. மறுபடி முட்டியது. மறுபடி குத்து வாங்கியது. நாலாம் தடவை மூக்கெல்லாம் ரத்தமாக அது ஓடிப்போகிறவரை சுள்ளி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் அன்று அங்கே அடைத்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் ஊரே போயிருக்கும். இதற்காக ஊர் கூடி அவளைக் கொண்டாடியது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊர் கூடியது, உண்மைதான். அவள்மேல் குற்றம் சாட்டுவதற்காகக் கூடியது!

"கழுதைப்புலி மூக்கை நுழைச்சது எந்த வீட்டு வழியா?" என்று கேட்டான் நரி.

"சுள்ளி வீட்டு வழியா" என்றது கூட்டம்.

"சுவரைச் சரியாப் பாத்துக்காதது யாரு?"

"சுள்ளி!"

"இவங்களால நம்ம அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. மேற்கு வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கு. நான் ஒரு யோசனை சொல்றேன். மேற்குச் சந்துக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி அடைச்சிடுவோம். அவங்க அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். நாம பத்திரமா இருக்கலாம்!"

சுள்ளி தாடியப்பரைப் பார்த்தாள். "அண்ணே! ஏழு குடும்பத்தைக் கழுதைப்புலிக்கு இரையா விடச் சொல்றான். நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே! என் குட்டிங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க!"

தாடியப்பர் தாடியைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். குட்டிகள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "எல்லாரும் என்ன சொல்றாங்களோ..." என்று இழுத்தார்.

மேற்கு வரிசை தவிர எல்லோரும் வாலைத் தூக்கினார்கள்.

அன்று அந்த ஊர் வேலை செய்த வேகம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! கால் வைக்கமாட்டேன் என்ற பொதியன் குழியில் குதித்துக் குதித்துச் சேறு மிதித்தான். வெள்ளச்சி முன்னும் பின்னும் ஓடி மண் சுமந்தாள். கீரிகள் செங்கல் அடுக்கின. பொழுது சாய்வதற்குள் மேற்குச் சந்தின் குறுக்கே ஆளுயரச் சுவர் எழுந்துவிட்டது. மேற்கு வரிசைக்காரர்கள் ஏழுபேரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் செங்கல் வைக்கும் முன்பு சுள்ளி அந்த ஓட்டை வழியாகக் கத்தினாள்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு? என் சுவருக்கு ஒரு கைமண் கேட்டப்போ ஒருத்தருக்கும் கால் வரலை. என்னை வெளியே தள்ளறதுக்கு மட்டும் இத்தனை கை வருதா? இந்த மண்ணைக் கொண்டுபோய் என் சுவர்ல வெச்சிருந்தா இந்தச் சுவரே தேவைப்பட்டிருக்காதே!"

செங்கல் வந்து ஓட்டையை அடைத்தது.

நிதானம் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி எங்கே போறது சுள்ளி?"

"தோப்புக்குப் போவோம் மாமா. அழுது என்ன ஆகப்போகுது? ஏழு வீட்டை முதுகு ஒட்டினாப்பல வட்டமாக் கட்டுவோம். பழைய முறையிலேயே ஒருத்தருக்கு ஒருத்தர் பூசுவோம். மண்ணுக்கும் பஞ்சமில்லை. நம்ம பழைய சுவர் இருக்கே!"

ஏழு குடும்பமும் இடிந்துகொண்டிருந்த தங்கள் வீடுகளின் வெளிச்சுவர்களைப் பெயர்த்தார்கள். பச்சைச் செங்கல்லைத் தோப்புக்கு இழுத்துப் போய்ச் சுனைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்தார்கள். சுள்ளியின் மேற்குச் சுவர் பாதி பெயர்ந்தபோது மாடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"ஐயோ அக்கா! என்ன பண்றீங்க? அதை எடுக்காதீங்க! என் பின்சுவர்ல காத்து அடிக்குது!"

நெட்டைக்காதனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. சுள்ளியின் வீடு இருந்தவரை அவன் வீடு உள்வீடு. சுள்ளியின் வீடு போனால்? அவன் வீடுதான் மேற்கு ஓரத்து வீடு! அவனுடைய பின்சுவர் இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்பதற்காகக் கட்டியது. ஒற்றைச் செங்கல் கனம். காற்றுக்கு முகம் காட்டியே பழகாதது. அதன் தலையில் மாடி வேறு!

"என் சுவர்டா இது!" என்று சுள்ளி கீழேயிருந்து கத்தினாள். "என் சுவருக்கு நான்தானே பொறுப்பு? நான் எடுத்துட்டுப் போறேன். உன்னை யார் கேட்டா?"

"கொஞ்சம் மனசு வைங்க அக்கா!"

"மனசா? ஒட்டின சுவரை உனக்கு விட்டுட்டுப் போறேனே, அதுவே என் பெரிய மனசு! போய்ப் பூசிக்கோ. நீயே பூசினா அழகாப் பூசுவேன்னு சொன்னியே!"

நரி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேற்றுக்குழியில் இறங்கினான். பொதியனைக் கூப்பிட்டான். "அவங்கவங்க சுவர்" என்று ஆரம்பித்தான் பொதியன். நரி மீதியைக் கேட்காமலே திரும்பிவிட்டான். கீரிகளைக் கூப்பிட்டான். பழம் தீர்ந்துபோயிருந்தது, அவை வரவில்லை. தனியாக இரண்டு நாள் பூசினான். வைக்கோல் சேர்க்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. காய்ந்த பூச்சு அப்பளம்போல உரிந்து விழுந்தது.

மூன்றாம் நாள் காலையில் தோப்பிலிருந்த சுள்ளியின் காதில் ஒரு பெரிய சத்தம் விழுந்தது. மாடியும் சுவரும் சேர்ந்து சரிந்திருந்தன. புழுதி அடங்கியபோது நரியின் வீடு இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது.

அன்று மத்தியானமே வெள்ளச்சி மூச்சிரைக்கத் தோப்புக்கு ஓடிவந்தாள். வட்டக் கோட்டையின் வாசலில் நின்று காதைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஊர் கூடிச்சு. நெட்டைக்காதன் வீடு இடிஞ்சதால ஆபத்துன்னு சொல்லி, அவன் வரிசைக்கு உள்பக்கமா இன்னொரு குறுக்குச் சுவர் எழுப்பிட்டாங்க. அந்த வரிசை முழுக்க வெளியே. அதை ஒட்டின என் வீடும் வெளியே."

"யாரு யோசனை?"

"பொதியன் சொன்னான். எல்லாரும் வாலைத் தூக்கினாங்க."

"நீ தூக்கினியா?"

வெள்ளச்சியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "முதல் தடவை தூக்கினேன் அக்கா. என் பேச்சுக்கு என்னை நானே அறைஞ்சுக்கணும். நீங்க பூசின சுவர்தான் அக்கா அங்கே கடைசிவரை விழாம நிக்குது."

சுள்ளி அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு, "உள்ளே வந்து தொலை. சேத்துல வைக்கோல் போடு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்தவன்தான் நெட்டைக்காதன். முகமெல்லாம் புழுதி, ஒரு காதில் காயம். பின்னால் மணல்மேட்டில் இரண்டு கழுதைப்புலிகள் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசலுக்கு வெளியிலேயே தரையில் விழுந்துவிட்டான்.

"அக்கா! என்னையும் சேத்துக்கோங்க!"

வட்டக் கோட்டைக்குள் ஒரே கூச்சல். "விடாதீங்க!" "அவனாலதானே எல்லாம்!" "கழுதைப்புலிக்கு விடுங்க, அப்போதான் தெரியும்!" சாதுவான நிதானம் மாமாகூடத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "எனக்கு அவன் முகத்தைப் பாக்கவே பிடிக்கலை" என்றார்.

சுள்ளி வாசலில் நின்றாள். அவள் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

"என் பிள்ளைங்களை வெளியே தள்ளச் சொன்ன வாய்தானே இது?"

"ஆமாக்கா."

"என்னைச் சோம்பேறின்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"உன்னை இப்போ நான் வெளியே விட்டுட்டா, உனக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?" என்று இரைந்தாள். "எழுந்திரு! மேற்குப் பக்கம் என் வீட்டை ஒட்டி ஒரு வீடு கட்டிக்கோ. இனிமே நீதான் ஓரம். நான் உள்வீடு. நீ உன் வலப்பக்கத்து நிதானம் மாமா சுவருக்குப் பூசணும். ஒரு நாள் தவறினாலும் என் முள் பேசும்!"

நரி வீடு கட்டினான். நிதானம் மாமாவின் சுவருக்குப் பூசினான். மாமா அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் குறை சொன்னார். அவன் வாய் திறக்காமல் மறுபடி மறுபடி பூசினான்.

ஆனால் அவன் நெஞ்சுக்குள் பயம் இருந்தது. தன் சுவரை அவன் தொடக்கூடாது. அவன் வெளிச்சுவருக்குப் பூச வேண்டியவள் அதற்குப் பின்னால் இருக்கிற உள்வீட்டுக்காரி. சுள்ளிதான்! 'நான் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்தால்?' என்று நினைத்து நினைத்து அவன் சோறு இறங்காமல் தவித்தான். மேல்காற்று இன்னும் ஓயவில்லை.

மறுநாள் காலையில் சுவருக்கு வெளியே சளப் சளப்பென்று சத்தம் கேட்டது. நரி எட்டிப் பார்த்தான்.

சுள்ளி மண்ணை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள். அப்புகிற ஒவ்வொரு பிடிக்கும் ஒரு திட்டு. "படுபாவி!" சளப். "மாடி கட்டினானாம் மாடி!" சளப். "தன்மானமாம்!" சளப். ஆனால் பூச்சோ விரல் கனத்துக்கு இருந்தது. வைக்கோல் தாராளமாகச் சேர்த்திருந்தாள். எட்டாத உயரத்துக்கு வெள்ளச்சியின் முதுகில் ஏறி நின்று பூசினாள். மூலையிடுக்கைக்கூட விடவில்லை.

நரி வெளியே வந்து நின்றான்.

"அக்கா... இவ்வளவு கனமாப் பூசுறீங்களே. என்மேல இருந்த கோபம் தீந்துடுச்சா?"

சுள்ளி சேற்றுக்கையோடு திரும்பினாள். கண்ணில் பொறி பறந்தது.

"தீரலைடா! ஒரு துளியும் தீரலை! உன்னைப் பாக்கறப்பல்லாம் எரியுது!" என்றாள். "ஆனா உன் சுவருக்குப் பின்னாலதானடா என் குட்டிங்க தூங்குதுங்க!"

நரி தலையைக் குனிந்துகொண்டான். சுள்ளி திரும்பி அடுத்த பிடி மண்ணை அள்ளினாள்.

எல்லோரையும் காக்கிற சுவரை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுகிறவர்கள், அந்தச் சுவர் விழுகிற அன்று தங்கள் வீட்டையும் சேர்த்தே இழக்கிறார்கள்.